நமசிவாயம் மிதித்த வெளிச்சம்

நமசிவாயத்துக்குப் பதினாறாம் வாய்ப்பாடு கடைசிவரைக்கும் சரிவரவில்லை. பதினாறெட்டு நூற்றிருபத்தாறு என்றுதான் சொல்வார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். எத்தனையோ தரம் திருத்தியிருக்கிறேன். "ஓம் ரீச்சர், நூற்றிருபத்தெட்டு" என்று பணிவாய்த் தலையாட்டுவார். அடுத்த முறை அந்த இரண்டைத் திரும்பவும் விழுங்கிவிடுவார். ஐம்பது வயது தாண்டிய ஒரு மனிதர், நின்ற இடத்தை விட்டு நகராத ஒரு சைக்கிளில் ஏறியிருந்து, சுவரைப் பார்த்தபடி ஊருக்கே கேட்க ஏன் வாய்ப்பாடு சொன்னார் என்பதைச் சொன்னால்தான் அவரைப் பற்றிச் சொன்னதாகும்.

அவர் எங்கள் ஊரவர்தான். யாழ்ப்பாணத்தில் உடுவிலுக்குப் பக்கத்துக் கிராமம். செம்மண், வெங்காயம், புகையிலை, நடுவில் ஓர் அம்மன் கோயில், சந்தியில் ஒரு வாசிகசாலை. இளம் வயதிலேயே கொழும்புக்குப் போய் ஒரு சைக்கிள் கடையில் வேலை பழகி, அங்கேயே குடும்பமாய் இருந்தவர். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அந்தக் கடையை எரித்தார்கள். அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்கு வந்த கப்பலில் மனைவி பாலேஸ்வரியோடும் ஒரே மகளோடும் வந்திறங்கினார். மற்றச் சனம் பெட்டி படுக்கையென்று எதையாவது கொண்டுவந்தது. இவரிடம் இருந்தது சில்லுக்கம்பி முறுக்குகிற ஒரு சாவியும் ஒரு டைனமோவும்தான். எரிகிற கடையிலிருந்து அதை ஏன் தூக்கினீர் என்று கேட்டால், "கைக்கு அதுதான் ஆப்பிட்டது ரீச்சர்" என்பார்.

சந்தியில் ஒரு கிடுகுக் கொட்டிலைப் போட்டுத் தொழிலைத் தொடங்கினார். நல்ல வேலைகாரர். அதைவிட நல்ல வாய்காரர். ஒட்டுப்போடுகிற நேரத்துக்குள் உலக விசயம் முழுவதையும் கதைத்து முடிப்பார். ஆனால் அந்த வாயெல்லாம் கடையில்தான். வீட்டுக்குள் காலை வைத்தால் சாப்பாடு, படுக்கை, அவ்வளவுதான். பாலேஸ்வரி அக்காவோ "ஓம்", "இல்லை", "சரி" என்ற மூன்று சொல்லோடு குடும்பம் நடத்திய மனிசி. மகளும் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போனபிறகு அந்த வீட்டில் சத்தம் போட்டது அடுப்பில் வெந்த சோறு மட்டும்தான்.

பாலேஸ்வரி அக்கா வாய் திறந்து சிரித்து நான் பார்த்தது அம்மன் கோயிலில்தான். எங்கள் கோயிலில் ஆடிப்பூரத்துக்கு மாவிளக்குப் போடுவோம். அதற்கு மாவிடிப்பது மாதவிடாய் நின்ற பெண்களின் உரிமை. மாதவிடாய் நாட்களைத் துடக்கு என்போம். அந்த நாட்களில் கோயில் வீதியை மிதிப்பதில்லை, வீட்டுச் சாமியறையில் விளக்கு ஏற்றுவதில்லை. அது ஒருவழியாய் ஓய்ந்தபிறகுதான் ஒரு பெண் நாள் பார்க்காமல் அம்மனிடம் போய்வரலாம். பாலேஸ்வரி அக்கா அந்த வயதுக்கு வந்ததும் உலக்கை அவர் கைக்குப் போனது. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலு பேரை அதட்டி மாவிடிக்கும்போது, இவவா அந்த ஊமை என்றிருக்கும்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியது. மின்சாரம் போனது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி என்று வாழ்க்கைக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் தடை வந்தது. டொக்டரும் சைக்கிள், அதிபரும் சைக்கிள், பிள்ளை பெறப் போகிறவளும் சைக்கிள் என்று ஆனது. நமசிவாயத்துக்கு நிமிர நேரமில்லை. சங்கிலிக்குப் போட எண்ணெய் கிடைக்காமல் தேங்காயெண்ணெயை எங்கிருந்தோ தேடிப்பிடித்து ஒரு போத்தலில் வைத்திருந்தார். பின்னேரத்தில் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, கப்பலில் வந்த அதே டைனமோவில் ரேடியோவைப் பூட்டி மிதிப்பார். ஊர் கூடி நின்று செய்தி கேட்கும்.

தொண்ணூற்றிரண்டில் எங்கள் ஒழுங்கையில் குணலட்சுமி செத்தாள். வெங்காயச் செய்கைக்காரன் ஒருவனின் மனைவி. கர்ப்பப்பைக் கழுத்தில் கான்சர். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதே ஒன்றும் செய்ய முடியாத கட்டம். எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவிச்சி மக்டலீன் மிஸி அந்தச் செத்த வீட்டில் அழுததைப்போல் பெற்ற பிள்ளைகளும் அழவில்லை. மிஸி குருநகர்க்காரி, வேதக்காரி; கிறிஸ்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கரையோரம் ஷெல் விழத் தொடங்கியபிறகு எங்கள் ஊரில் ஓர் அறை எடுத்து இருந்தார்.

அடுத்த கிழமை மிஸி டொக்டர் பத்மாசினியைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். டொக்டர் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர். சைக்கிள் மிதித்து வந்த களைப்பில் ஒரு செம்பு தண்ணீரை அப்படியே குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ரீச்சர், இந்த வருத்தம் வாறவை எல்லாரும் கடைசியிலைதான் எங்களிட்டை வருகினம். தொடக்கத்திலை நோகாது. ரத்தம் மட்டும் இடைக்கிடை போகும். அந்த நேரம் பாத்தால் தப்பவைக்கலாம். அங்கை ஆஸ்பத்திரியிலை பாத்துக்கொண்டிருந்து பிரயோசனமில்லை. நாங்கள் இஞ்சை வாறம். நீங்கள் பொம்பிளையளைக் கூட்டித் தாங்கோ."

இடம் வாசிகசாலை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை. பேப்பர் படிக்கிறவர்கள் குந்துகிற ஒரு வாங்கைக் கட்டிலாக்கி, படுக்கைச் சீலையால் மறைப்புக் கட்டினோம். ஒருத்தியும் எட்டிப்பார்க்கக் கூடாதென்று யன்னலையெல்லாம் சாத்தியபிறகுதான் வெளிச்சத்தின் நினைவு வந்தது. ரோச்சுக்குப் பற்றரி இல்லை. இருந்தது ஜாம்போத்தலில் திரியிட்டு எரிக்கிற விளக்கு. அதை அந்த இடத்துக்குக் கிட்டக் கொண்டுபோக எந்தப் பெண் சம்மதிப்பாள்? டொக்டர் நேரே சந்திக் கொட்டிலுக்கு நடந்தார்.

"உங்கடை டைனமோவிலை ரேடியோ பாடுதாம். லைற் எரியாதோ?"

"எரியத்தானே டொக்டர் அதைச் செய்தவங்கள்!" என்றார் நமசிவாயம். "ரேடியோவைப் பூட்டினது எங்கடை வில்லங்கம்."

வாசிகசாலை விறாந்தையில் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து ஒரு வயரைக் கதவுக்குக் கீழால் உள்ளே விட்டு, நுனியில் லைற்றை ஒரு தடியில் கட்டிக் கொடுத்தார். முதல்நாள் இரண்டு பெட்டைகள் மிதித்தார்கள். உள்ளே யாராவது "ஐயோ" என்றால் வெளியே சிரிப்பு; சிரித்தால் மிதி நிற்கும்; மிதி நின்றால் உள்ளே இருட்டு. டொக்டர் பாதியில் பொறுமை இழந்தார். நமசிவாயமே ஏறி உட்கார்ந்தார். வெளிச்சம் கோயில் தூண்டாமணி விளக்குப்போல நின்று எரிந்தது.

அதோடு வேறொரு பிரச்சினை வந்தது. வரிசையில் நின்ற பெண்கள் முறுகினார்கள். ஓர் ஆம்பிளை வெளியே காதைத் தீட்டிக்கொண்டு இருக்க உள்ளே என்னவென்று கதைப்பது? அவர் ஏதாவது உரத்துப் பாடட்டும் என்று ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள். தேவாரம் படியுங்கோ என்றாள் இன்னொருத்தி.

"சீச்சீ! தேவாரம் துப்பரவான இடத்திலை படிக்கிறது. உந்த இடத்திலை எப்பிடிப் படிக்கிறது?" என்றார் நமசிவாயம். மனதில் ஒரு கள்ளமுமில்லாமல்தான் சொன்னார். டொக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப வாய்ப்பாடு சொல்லுங்கோ" என்றேன் நான். அதற்குத் துடக்கில்லை. அன்றிலிருந்து நமசிவாயம் சுவரைப் பார்த்து மிதிப்பார், தொண்டை கிழிய ஓரெண்டு இரண்டு என்று தொடங்குவார். ரோட்டால் போகிற பெடியள் "மாமா ஐஞ்சாம் வகுப்புச் சோதினை எடுக்கப்போறார்" என்று கூவிக்கொண்டு போவார்கள். அவர் அசையமாட்டார்.

பெண்கள் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் உண்மையைச் சொல்லவில்லை. இரத்தம் போகிறதா என்றால் எல்லோருக்கும் "இல்லை". பார்க்கவேண்டாம், சும்மாதான் வந்தோம் என்று எழும்பிவிடுவார்கள். மிஸிதான் அதற்கு வழி கண்டார். அதை ஒருநாள் எனக்குச் சொன்னார்.

"குணலட்சுமியக்காவை நான் வீட்டிலை போய்க் கேட்டனான், ரீச்சர். ரத்தம் போகுதோ எண்டு. இல்லையெண்டவ. ஆஸ்பத்திரியிலை கடைசி நாள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு என்ன சொன்னவ தெரியுமோ? 'நீ ரத்தத்தைக் கேட்டாய் பிள்ளை, எனக்கு வெக்கமாக் கிடந்தது. என்ரை வீட்டிலை விளக்கு ஏத்திறது ஆரெண்டு கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்கமாட்டன்.' நான் வேதக்காரி. எனக்கு உந்த முறை தெரியாமல் போச்சு."

அதற்குப்பிறகு மிஸி இரத்தத்தைப் பற்றிக் கேட்பதையே விட்டார். உங்கடை வீட்டிலை சாமியறை விளக்கு ஏத்திறது ஆர்? கடைசியாக் கோயிலுக்கு எப்ப போனீங்கள்? இதுதான் கேள்வி. மகள் ஏற்றுகிறாள் என்று ஒருத்தி சொல்வாள். எவ்வளவு காலமாய் என்றால் குனிந்துகொள்வாள். வாயால் வராத உண்மை அந்தக் குனிவில் வந்துவிடும். சாமிக்கு முன்னால் பொய் சொல்ல எங்கள் பெண்களுக்கு வராது. அப்படிப் பிடித்த இரண்டு மூன்று பேர் வேளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுகமாகி வந்தார்கள்.

பாலேஸ்வரி அக்கா மட்டும் அந்தப் பக்கம் வரவேயில்லை. நான் இரண்டு தரம் கூப்பிட்டேன். "அவர் மிதிக்க நான் போய்ப் படுக்கிறதோ? ஊர் சிரிக்கும் ரீச்சர்" என்றார். அவர் அவ்வளவு நீளமாய்ப் பேசியதே எனக்கு அதிசயம். ஆனால் அதில் நியாயம் இருப்பதாகவும் பட்டது. பிறகு நான் வற்புறுத்தவில்லை.

தொண்ணூற்றுமூன்று ஆடிப்பூரத்துக்கு உலக்கை வேறொருத்தியின் கைக்குப் போனது. பாலேஸ்வரி அக்காவுக்கு முழங்கால் நோவாம். சனம் நம்பியது, மாவிடிக்கிறவளுக்கு முழங்கால் நோகாமல் வேறென்ன நோகும்? அந்த நாட்களில்தான் நமசிவாயம் கடையில் நின்று பெருமை பேசினார். என் சைக்கிளுக்குக் காற்றடித்தபடி சொன்னார்:

"என்ரை மனிசியைப் போலை ஒருத்தி கிடைக்கமாட்டாள், ரீச்சர். ஊரிலை எண்ணெய்த் தட்டுப்பாடெண்டு நான் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. தானாவே சாமியறை விளக்கை நிப்பாட்டிப் போட்டாள். கடவுளுக்கும் தடை தெரியுந்தானே எண்டு நானும் விட்டிட்டன்."

நானும் மெச்சினேன். எங்கள் வீட்டில் மாமி விளக்குக்கென்று ஒளித்துவைத்திருந்த எண்ணெயை நினைத்து ஒரு பெருமூச்சும் விட்டேன். வேறு எந்த ஊரிலாவது ஒரு வீட்டில் விளக்கு எரியாவிட்டால் என்னவோ ஏதோ என்று பார்ப்பார்கள். எங்கள் ஊரில் அந்த வருடங்களில் எரியாத விளக்கென்றால் சிக்கனம்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை நானே அந்த வாங்கில் படுத்தேன். எனக்கு ஒரு குறையுமில்லை. ஊரையெல்லாம் கூட்டி அனுப்பிவிட்டு நான் மட்டும் போகாமல் இருந்தால், ஊருக்கு உபதேசம் உனக்கில்லையடி என்று கதை வரும். அன்றைக்கு நமசிவாயத்துக்குத் தடிமன், தொண்டை கட்டிப்போயிருந்தது. எட்டாம் வாய்ப்பாட்டிலேயே இருமத் தொடங்கிவிட்டார். "இண்டைக்கு வாய்ப்பாடு வேண்டாம் அண்ணை, சும்மா மிதியுங்கோ" என்று உள்ளே போகும்போது நான்தான் சொன்னேன். இரக்கம் பாதி. அந்தத் தொண்டையில் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கேட்கமுடியாது என்பது மீதி.

மிஸி வழக்கம்போலக் கேட்டார். "ரீச்சர், உங்கடை வீட்டிலை விளக்கு ஏத்திறது ஆர்?"

"நான்தான். வெள்ளிக்கிழமையிலை மாமி."

"வேறை ஆர் வீட்டிலையாவது விளக்கு ஏத்திறது நிண்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கோ. எண்ணெய் இல்லை, முழங்கால் நோ, கோயிலுக்கு நடக்கேலாது எண்டு சாட்டுச் சொல்லுவினம். உள்ளுக்கை விசயம் வேறை. குணலட்சுமியக்காவும் எண்ணெயைத்தான் சாட்டுச் சொன்னவ."

லைற் மங்கியது. சிவந்தது. அணைந்தது.

இருட்டில் அந்தக் கோலத்தில் படுத்திருக்கிற ஒரு கணக்கு ரீச்சரின் கோபத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். "மிதியுங்கோ அண்ணை! என்ன செய்யிறியள் அங்கை?" என்று கத்தினேன். மிஸி போய்க் கதவைத் திறந்து பார்த்தார். சில்லு இன்னும் மெதுவாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. நமசிவாயம் ரோட்டால் போய்க்கொண்டிருந்தார். சைக்கிளை விட்டுவிட்டு நடந்து போகிற நமசிவாயத்தை ஊர் அன்றைக்குத்தான் கண்டது. எண்ணெய், விளக்கு, முழங்கால் மூன்றும் அப்போதுதான் என் மண்டையிலும் ஒன்றாய்ச் சேர்ந்தன. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வீட்டில் நடந்ததை அவரே பிறகு சொன்னார். நேரே சாமியறைக்குப் போயிருக்கிறார். விளக்குத் தட்டில் தூசி. திரி காய்ந்து கல்லாய்க் கிடந்தது, பக்கத்தில் ஒரு பல்லி முட்டை. திரும்பிக் கடைக்குப் போய்ச் சங்கிலிக்குப் போடுகிற தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து, குசினி வாசலில் நின்ற மனைவியின் கையில் வைத்தார்.

"இந்தாரும் எண்ணெய். போய் ஏத்தும்."

பாலேஸ்வரி அக்கா போத்தலைப் பிடித்தபடி நின்றார். சாமியறைப் படியில் கால் வைக்கவில்லை.

"நீங்களே ஏத்துங்கோ" என்றார் கடைசியில்.

"ஏன், உமக்கென்ன?"

பாலேஸ்வரி அக்கா போத்தலைக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாராம். "சவர்க்காரம் கேட்டு வாங்கினதெல்லாம் எனக்கு அப்பதான் ஞாபகம் வந்தது, ரீச்சர். மனிசி அடிக்கடி சீலை தோய்க்குதே, என்ன துப்பரவு எண்டு நான் அதுக்கும் பெருமையாத்தான் இருந்தனான்" என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்ததை, சோறு போட்டவளின் கைராசி என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறார் மனிதர்.

அவர்கள் இருவரும் வாசிகசாலைக்கு வந்தபோது டொக்டர் சாமான்களைக் கட்டத் தொடங்கியிருந்தார். நமசிவாயம் முன்னால், பாலேஸ்வரி அக்கா நாலடி பின்னால், தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு. விறாந்தையில் நின்ற பெண்கள் வாயை மூடிக்கொண்டு விலகினார்கள். மிஸி ஒன்றுமே கேட்காமல் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நமசிவாயம் சைக்கிளில் ஏறினார். மிதித்தார். வழக்கத்தை விடாமல், கட்டிய தொண்டையோடு ஓரெண்டு இரண்டு என்று தொடங்கினார்.

மறைப்புக்குள்ளிருந்து பாலேஸ்வரி அக்காவின் குரல் வந்தது. நாங்கள் யாரும் முன்பு கேட்டிராத சத்தம்.

"இஞ்சாருங்கோ, அதை நிப்பாட்டுங்கோ. நீங்களும் கேளுங்கோ."

வாய்ப்பாடு நின்றது. மிதி நிற்கவில்லை.

"மிஸி, எனக்குப் பங்குனி தொட்டு ரத்தம் போகுது. நிண்டுபோன சாமான் திரும்ப வந்திட்டுதெண்டு நினைச்சன். அம்மனுக்கு முன்னாலை ஏதோ பிழை விட்டிட்டன், அதுக்குத்தான் தண்டனை எண்டு நேர்த்தி வைச்சன். இவரிட்டைச் சொல்ல வாய் வரேல்லை. சொன்னால் உலக்கையைத் தரமாட்டினம், ஊர் கதைக்கும் எண்டு பயந்துகொண்டிருந்தன்."

விறாந்தையில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. வீட்டில் முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாததை, நடுவில் ஒரு சீலையைக் கட்டி, ஊர் கேட்கப் புருசனுக்குச் சொன்னார். நமசிவாயத்தின் முகத்தைச் சுவர்தான் கண்டது. முதுகு குலுங்கியதை நாங்கள் கண்டோம். பிறகு டொக்டர் எனக்குச் சொன்னார், அன்றைக்குப்போல அந்த லைற் ஒருநாளும் ஆடாமல் எரிந்ததில்லையாம்.

டொக்டர் பார்த்தார். இருந்தது. ஆனால் குணலட்சுமிக்கு இருந்த அளவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஜெனரேற்றர் ஓடுகிற நேரம் பார்த்துச் சத்திரசிகிச்சை செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதோடு விடக்கூடாது, மகரகமைக் கான்சர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரண்ட் பிடிக்கவேண்டும் என்றார் டொக்டர். கதிர் வைத்தியத்தை எங்கள் சனம் அப்படித்தான் சொல்லும். மகரகமை கொழும்புக்கு அங்கால். எண்பத்துமூன்றில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த அதே திசை. போவதற்குப் பாஸ் எடுக்கவேண்டும். கிளாலிக் கடலைத் தாண்டவேண்டும். அந்தக் கடலில் சனம் சுட்டுக் கொல்லப்பட்ட வருடம் அது. நமசிவாயம் ஒரு நாளும் "போகத்தான் வேணுமோ" என்று கேட்கவில்லை. கொட்டிலைப் பூட்டி, டைனமோவைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"மாதக் கிளினிக் நிக்கக்கூடாது ரீச்சர். ஆரையாவது மிதிக்கச் சொல்லுங்கோ. சிரிக்கிற பெட்டையளை மட்டும் ஏத்தாதையுங்கோ."

மழை ஓய்ந்து தையும் பிறந்தபிறகு இரண்டு பேரும் திரும்பிவந்தார்கள். பாலேஸ்வரி அக்கா பாதியாய்ப் போயிருந்தார். சாப்பாடு இறங்கவில்லை, நடந்தால் மூச்சு வாங்கியது. ஆனால் இரத்தம் நின்றிருந்தது. பார்க்கப் போன என்னிடம் முதல் தடவையாய் ஒரு பகிடி விட்டார். "ஊரெல்லாம் கரண்டைக் கண்டு மூண்டு வரியம். எனக்கு மட்டும் மகரகமையிலை நாள் தவறாமல் கரண்ட்." தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மாமி சொன்னா. கர்ப்பப்பை தலைப்பாகையில்லைத்தான். ஆனாலும் எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது. சாமியறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சங்கிலி எண்ணெயில்.

அந்த வருட ஆடிப்பூரத்துக்குப் பாலேஸ்வரி அக்காவை மாவிடிக்கக் கூப்பிட்டார்கள். கூப்பிடலாமோ என்று ஒருத்தி இழுத்தாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதமுடியாது. உலக்கை தூக்க அவருக்குப் பலம் போதவில்லை. பக்கத்தில் இருந்து அதட்டினார், அது போதுமாயிருந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஓர் இரவோடு ஊரை விட்டு வெளிக்கிட்டது. அந்த நடையைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. நமசிவாயம் பாலேஸ்வரி அக்காவைச் சைக்கிளின் பின்னால் இருத்தி, மழையில் தள்ளிக்கொண்டு வந்தார். முன்னால் ஒரு மூட்டை. மூட்டைக்குள் உடுப்பிருக்கும் என்று நினைத்தேன். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் பிடித்து அவிழ்த்தபோது பார்த்தால் டைனமோ, வயர், தடி, லைற். "இந்தமுறையும் கைக்கு அதுதான் ஆப்பிட்டதோ?" என்று கேட்டேன். "இல்லை ரீச்சர், இந்தமுறை தெரிஞ்சுதான் எடுத்தனான்" என்றார்.

ஒரு வகுப்பறைக்குள் எத்தனையோ குடும்பம். மக்டலீன் மிஸியும் எங்களோடு அகதி. டொக்டர் பத்மாசினி முகாம் முகாமாய்ச் சைக்கிளில் திரிந்தார், எங்களிடத்துக்கும் வந்தார். ஒரு மூலையில் சீலையால் மறைப்புக் கட்டினோம். நமசிவாயம் சைக்கிளை விறாந்தையில் ஏற்றினார். பெண்கள் வந்து கூடினார்கள், எல்லாரும் எங்கெங்கோ ஊர்க்காரர், முகம் தெரியாதவர்கள். மிஸி தன் கேள்வியைக் கேட்டார்.

"அக்கா, வீட்டிலை விளக்கு ஏத்திறது ஆர்?"

ஒரு மனிசி மிஸியைப் பார்த்தாள். "வீடோ? எந்த வீடு மிஸி?" என்றாள்.

அடுத்தவளிடம் கேட்டார். "எங்களுக்கினி என்ன சாமியறை, என்ன விளக்கு" என்று அவள் அழத் தொடங்கினாள். அங்கே யாருமே விளக்கு ஏற்றவில்லை. யாருமே கோயிலுக்குப் போகவில்லை. சுகமானவளுக்கும் வருத்தக்காரிக்கும் ஒரே பதில். மிஸிக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த கேள்வியையும் வீட்டோடு விட்டுவிட்டு வந்திருந்தோம்.

பாலேஸ்வரி அக்கா சுவரில் சாய்ந்து இருந்தவர், கையை ஊன்றி எழும்பினார். முன்னால் வந்து நின்றார். எதிரே அவ்வளவு சனம். ஆம்பிளைகளும் விறாந்தையில் நின்றார்கள்.

"தங்கச்சிமார், கேளுங்கோ. என்ரை பேர் பாலேஸ்வரி. எனக்கு எல்லாம் நிண்டாப்போலை திரும்ப ரத்தம் போனது. வெக்கத்திலை மறைச்சு வைச்சிருந்தன். அது கான்சர். வெட்டி எடுத்து, மகரகமைக்குப் போய்க் கரண்டும் பிடிச்சனான். இஞ்சை ஆருக்கும் அப்பிடிப் போகுதெண்டால், வாயாலை சொல்லுங்கோ. சொன்னால் சாகமாட்டியள்."

விறாந்தையில் நின்ற ஆம்பிளைகள் ஒவ்வொருவராய் முற்றத்துக்கு இறங்கிப் போனார்கள்.

பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி மெதுவாய்க் கேட்டாள். "அக்கா, உங்களுக்கு அது வந்து எவ்வளவு காலம்?"

"ரெண்டு வரியத்துக்கு மேலை. இப்ப உங்களோடை நானும் ஓடிவந்து நிக்கிறன்தானே."

அவள் எழும்பி வந்து, குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, மறைப்புக்குள் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழும்பினாள். நமசிவாயம் சுவரைப் பார்த்தபடி மிதிக்கத் தொடங்கினார். வாய்ப்பாடு சொல்லவில்லை. சொல்லச் சொல்லி ஒருத்தியும் கேட்கவுமில்லை.